வழக்கமானதுதானே, அக்கா?

சம்பளம் ஏறிய இரவு.
பாலம் ஏறும் முன்பே தொடங்கிவிட்டது:
‘எங்கே சாப்பிடலாம்?’
‘எங்கேயாவது’ என்றாள் யோகேஸ்வரி.
அந்தப் பெயரில் பினாங்கில் கடை இல்லை.
இருபத்தோரு வருடமாகத் தேடுகிறேன்.

லிட்டில் இந்தியாவில் வண்டி நிறுத்த இடமில்லை.
மூன்று முறை சுற்றினோம்.
புடவைக்கடை ஒலிபெருக்கி
மூன்று முறையும் அதே தள்ளுபடியைக் கத்தியது.
ஆயர் ஈத்தாம் லக்சா என்றேன்.
இந்த நேரத்தில் யார் அவ்வளவு தூரம் போவது என்றாள்.
புலாவ் திக்குஸில் ஒரு புதுக்கடை.
விலைப்பட்டியல் கிடையாது,
மேசையில் ஒட்டிய கறுப்புக் கட்டத்தைக்
கைப்பேசி படிக்க வேண்டுமாம்.
என்னுடையது படிக்க மறுத்தது.
குடித்த பச்சைத்தண்ணீருக்கு
எண்பது காசு வைத்துவிட்டு எழுந்தோம்.

திரும்பும் பாலத்தில் பேச்சில்லை.
கடலில் ஏதோ ஒரு கப்பல்
விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு
யாருக்கும் அவசரமில்லாமல் நின்றது.

பட்டர்வொர்த்தில், பத்தாக இருக்கையில் சொன்னாள்:
‘அந்த எண்ணெய் நிலையம் தாண்டி இடப்பக்கம்.
பின்னால போங்க, நிறுத்த இடம் இருக்கும்.’
இருந்தது.
இடம் கிடைத்த சந்தோஷத்தில்
இவளுக்கு எப்படித் தெரியும் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.

நாசி கண்டார் கடை.
பித்தளைப் பாத்திரங்களில் நிறம் நிறமாய்க் கறிகள்.
காதில் பென்சில் செருகிய ஜபருல்லா
நேரே அவளிடம் வந்தார்:
‘வழக்கமானதுதானே, அக்கா?’
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
பிறகு என்னைப் பார்த்து,
வெளியூர்க்காரரை விசாரிக்கும் மரியாதையோடு,
‘அண்ணனுக்கு?’

கோழி என்றேன். வேறென்ன சொல்வது.

அவள் தட்டு வந்தது.
மீன் சினை. கட்டைவிரல் பருமனில் இரண்டு.
கணவாய். வெண்டைக்காய். பாதி உப்புமுட்டை.
மூன்று குழம்பும் கலந்து பஞ்ஜிர்,
சோறு கரை தெரியாமல் மூழ்கிக் கிடந்தது.
தே ஹலியா, சீனி குறைத்து.

வீட்டில் சினை எப்போதும் என் தட்டுக்குத்தான்.
‘எனக்குச் சேராது, உடம்பு அரிக்கும்’ என்பாள்.
நானும் நம்பி
இருபத்தோரு வருடம் மென்றிருக்கிறேன்.

‘எப்போ வருவே?’
‘செவ்வாய். உங்களுக்கு நைட்டு ஷிப்டு.’
‘யாரோட?’
‘சினையோட.’

சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.
நான் பார்த்ததே இல்லாத சாப்பாடு அது.
யார் தட்டில் என்ன தீர்ந்தது என்று
கண் அலையவில்லை.
அடுப்பில் எதுவும் இல்லை, எழுந்து போக.
விரல்கள் குழம்பில் இறங்கி
நிதானமாய் மேலே வந்தன.
‘அரிக்கலையா?’
‘இங்கே அரிக்காது.’

ஒரு துண்டைப் பிட்டு
பழக்கத்தில் என் பக்கம் கொண்டுவந்தாள்.
பாதி வழியில் கை நின்றது.
திருப்பிக் கொண்டுபோய்
தன் வாயில் போட்டுக்கொண்டாள்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
எனக்குச் சிரிப்பு
கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

‘ஒண்ணாவா, தனித்தனியாவா?’
ஜபருல்லா பென்சிலை எடுத்தார்.
ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்,
ஆளுக்கொரு பதில்.
அவர் அனுபவஸ்தர், அவள் பேச்சைக் கேட்டார்.
ஒரு கோழிக்கும் தே ஓவுக்கும்
நான் பதினேழு வெள்ளி.
அவ்வளவு பெரிய தட்டுக்கு அவள் பதினாலு.
‘அக்காவுக்கு வாடிக்கை விலை’ என்றார்.

இன்று செவ்வாய்.
துறைமுகத்தில் கொள்கலன் எண்களைச்
சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.
டப்பாவில் அவள் கட்டித்தந்த சோறு,
மேலே பொரித்த சினை ஒன்று.
ஒன்பதே முக்கால்.
வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று
வழக்கமாக அழைக்கிற நேரம்.
கைப்பேசியை எடுத்தேன்.
மேசையில் குப்புற வைத்துவிட்டேன்.
பேச்சில் ஆறிப்போனால்
சினை ருசிக்காது.